முட்புதர் என்று தாண்டிப் போன காடு

அன்புள்ள ஐயா,

பழவேற்காட்டுக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய கடற்கரைக் காட்டில் நண்பரோடு ஒரு பகல் முழுக்க நடந்ததை எழுதியிருந்தீர்கள். படித்த சூட்டோடு நானும் அலுவலக நண்பனும் பங்குனி ஞாயிறு ஒன்றில் கிளம்பினோம். ஏமாற்றம்தான். கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மாதிரி ஒல்லி மரங்கள், கீழே ஊசி ஊசியாகச் சருகு. பறவைச் சத்தமே இல்லை. அதைத் தாண்டினால் வெறும் முட்புதர். பத்து மணிக்கெல்லாம் மணல் சுட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் சொல்லும் காடு ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் இருக்கிறதா? அங்கே நடக்க அனுமதி கிடைக்குமா?

ஒரு வாசகர், சூளூர்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் நடந்தது சவுக்குத் தோப்பு. வெட்டி விற்பதற்காக வரிசையில் நட்ட மரம். 19ஆம் நூற்றாண்டில் சென்னையின் அடுப்புக்கும் ரயில் எஞ்சினுக்கும் விறகு வேண்டுமென்று இந்தக் கரையெங்கும் நட ஆரம்பித்தார்கள். விறகும் கரியும் பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சென்னைக்குப் போயின. அந்தச் சருகு மெத்தையைத் துளைத்துக்கொண்டு வேறு செடி முளைப்பது கஷ்டம். பழமும் பூச்சியும் இல்லாத இடத்தில் பறவைக்கு என்ன வேலை?

நான் எழுதிய காடு, நீங்கள் 'வெறும் முட்புதர்' என்று தாண்டிப் போனீர்களே, அதுதான். பாதிப் பேர் அப்படித்தான் தாண்டிப் போகிறார்கள். காடு என்றதும் அண்ணாந்து பார்க்கும் மரங்களை எதிர்பார்க்கிறோம். இங்கே பல இடங்களில் மரம் நம்மைவிடக் கொஞ்சம்தான் உயரம். குனிந்துதான் உள்ளே போகவேண்டும்.

அடுத்த முறை கடல் பக்கத்திலிருந்து வாருங்கள். முதலில் மணலைப் பிடித்துக்கொண்டு அடப்பங்கொடியும் ராவணன் மீசையும். அப்புறம் தாழை. அதற்குப் பின்னால் வரும் புதர்களின் தலையை உப்புக்காற்று கத்தரித்துக்கொண்டே இருப்பதால், எல்லாம் படிய வாரிய தலைமுடி மாதிரி நிலத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அந்தச் சரிவின் மறைவில்தான் காயா, வீரை, உலக்கைப்பாலை மரங்கள் நிமிர்கின்றன. மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையோடு சரி. பிறகு மாதக்கணக்கில் வறட்சி. இருந்தும் இவை இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதில்லை. ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள், தோல் போலத் தடிப்பாக இருக்கும். தண்ணீரை லேசில் விடாது.

அந்தக் கட்டுரையில் பங்குனியில் போகச் சொன்னதற்குக் காரணம் காயா. பூ கிளை நுனியில் தொங்காது. இலை உதிர்ந்த கணுக்களில், குச்சியோடு குச்சியாக ஒட்டி, நீலமும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும். பெருமாளின் நிறத்தைக் காயாம்பூ என்று பாடியவர்கள் மரத்தடியில் நின்று பார்த்துத்தான் பாடியிருக்கிறார்கள் என்பது என் கட்சி. நாங்கள் போனபோது பூவைவிட முசுறு எறும்புகள்தான் முதலில் வரவேற்றன. இலைகளைத் தைத்துக் கட்டிய கூட்டில் நண்பரின் தோள் பட்டது, அவ்வளவுதான், சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினார். அந்த ஓட்டம் நின்ற இடத்தில்தான் அன்றைக்கு நாங்கள் பார்த்ததிலேயே நன்றாகப் பூத்த மரம் நின்றது.

ஸ்ரீஹரிகோட்டா பற்றி: ஆமாம், இந்த வகைக் காடு பெரிய பரப்பில் மிஞ்சியிருப்பது அங்கேதான். அங்கிருந்து முதல் ராக்கெட் 1971இல் பறந்தது. ஏவுதளத்தின் வேலி வெளியாட்களோடு கோடாரியையும் தடுத்தது. ஏவுதலைப் பார்க்கப் பொதுமக்கள் பதிவு செய்துகொண்டு போகலாம். காட்டில் நடக்க விடமாட்டார்கள். விடாமலிருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே காலங்காலமாக வாழ்ந்த யானாதி பழங்குடியினரும் வெளியேற வேண்டியிருந்தது என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

நமக்கு மிஞ்சுவது கோயில் காடுகள். அம்மனுக்கும் ஐயனாருக்கும் பயந்து ஊர் வெட்டாமல் விட்ட துண்டுகள். பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுவிட்டு நுழையுங்கள். விடியும்போதே நடக்க ஆரம்பித்து ஒன்பதரைக்குள் நிழலுக்குள் போய்விடுங்கள். உள்ளே மணல் சுடாது, ஆனால் காற்றும் வராது, தண்ணீர் கூடுதலாக வேண்டும். அலுவலக நண்பரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அலுவலகப் பேச்சு மட்டும் வேண்டாம். முசுறுக் கூடு இருக்கும் பக்கம் அவரை முன்னால் விடுங்கள்.

அன்புடன்.