மேய்க்கால் புறம்போக்கு: வாசகர் கேள்விகள்

சம்பா நட்டு முடிந்ததும் டெல்டாவில் மாடு மேய இடம் இருக்காது. ஐப்பசியிலிருந்து தை அறுவடை வரை திடலும் ஆற்றுப்படுகையும்தான் கதி. ஊர் மாடு மேய ஒதுக்கிய இந்த அரசு நிலத்தைத்தான் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்பார்கள். இந்த இதழில் அந்தத் திடல்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில்.

எங்கள் ஊர் மாட்டுத் திடல் 2 வேலி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கணக்கில் ஒன்றரை ஏக்கர்தான் மேய்க்கால் என்று வருகிறது. மிச்சம் எங்கே போயிற்று?
வாசகர், நீடாமங்கலம்

முதலில் அளவைச் சரிபாருங்கள். ஒரு வேலி 20 மா, அதாவது சுமார் 6 ஏக்கர் 66 சென்ட். 2 வேலி என்றால் புதிய கணக்கில் ஏறக்குறைய 5 ஹெக்டேர் 40 ஏர் (100 ஏர் ஒரு ஹெக்டேர்) வர வேண்டும். ஹெக்டேரை ஏக்கர் என்று படித்துவிட்டு அலுவலகத்தில் சண்டை போட்டவர்கள் உண்டு.

அடுத்து, ஊரின் ஒவ்வொரு புலத்துக்கும் பரப்பும் வகைப்பாடும் எழுதியிருக்கும் 'அ' பதிவேடு. வருவாய்த் துறையின் இணைய சேவையிலேயே எடுக்கலாம். ஒரே புல எண்ணோடு நிற்காதீர்கள். 112 என்று இருந்தது 112/1, 112/2ஏ, 112/2பி என்று உடைந்திருக்கும். எல்லா உட்பிரிவுக்கும் வகைப்பாட்டையும் குறிப்புக் கலத்தையும் பாருங்கள். பிறகு, யூ.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) கணக்குக்கு முந்தைய 'அ' பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அது இணையத்தில் இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் குறைந்தது?' என்று கேட்டால் 'விளக்கம் தர இயலாது' என்றுதான் வரும். பழைய பதிவேட்டின் நகல், யூ.டி.ஆர். பதிவேட்டின் நகல், வகைப்பாடு மாற்றிய உத்தரவின் நகல் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நிலம் பெரும்பாலும் மூன்று வழியில் போயிருக்கும். மேய்க்கால் என்பதை 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்று மாற்றி, பிறகு தனியாருக்கு ஒப்படை செய்திருக்கலாம். இதற்கு உத்தரவு இருக்கும், அதைத்தான் எதிர்க்க வேண்டும். யூ.டி.ஆரில் தவறாகத் தனியார் பெயரில் பட்டா ஏறியிருக்கலாம். அதற்குக் கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் முன் மேல்முறையீடு. மூன்றாவதுதான் எளிது: கணக்கில் மேய்க்காலாகவே இருக்கும், வரப்பை மட்டும் ஆண்டுக்கு ஒரு முழம் நகர்த்தியிருப்பார்கள். இதில் நில அளவை செய்து, கிராம நிர்வாக அலுவலர் பி மெமோ (ஆக்கிரமிப்பைப் பதிவு செய்யும் குறிப்பு) போட்டு, 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் அறிவிப்பு, 6-ஆம் பிரிவில் வெளியேற்றம் என்று போகும். பி மெமோவோடு கோப்பு தூங்கிவிடுவதுதான் வழக்கம். ஆகவே மனுவிலேயே 7-ஆம் பிரிவு அறிவிப்பு எப்போது என்று கேளுங்கள்.

ஊர்ப் பொது நில ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதே தீர்ப்பு, அரசு உத்தரவின்படி நிலமற்ற கூலிக்காரர், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குக் கொடுத்த இடங்களையும், ஏற்கெனவே பள்ளி, மருந்தகம் உள்ள இடங்களையும் விதிவிலக்காக ஏற்கிறது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிசையை முதலில் பிரிக்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை. நஞ்சையாக உழுது சாப்பிடுகிறவரிடமிருந்து தொடங்குங்கள்.

திடல் முழுக்க சீமைக்கருவேலம். இரண்டு முறை ஏலம் விட்டு வெட்டியும் முன்னைவிட அடர்த்தியாக வருகிறதே?
வாசகர், தலைஞாயிறு

வெட்டியதால்தான் அடர்த்தியாக வருகிறது. தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே உள்ள வேர்த்தலையில் மொட்டுகள் இருக்கின்றன. ஒரு தண்டை வெட்டினால் அங்கிருந்து ஐந்தாறு கிளம்பும். கரிமூட்டம் போடுகிறவருக்கு அது லாபம், மறு வெட்டுக்கு ஆகும். எனவே ஏல நிபந்தனையிலேயே 'தரைக்குக் கீழே ஒரு அடிக்குக் குறையாமல் வேரோடு பெயர்க்க வேண்டும், குழியை மூட வேண்டும்' என்று எழுதுங்கள். வைப்புத்தொகையை மறு மழைக்குப் பிறகே திருப்பிக் கொடுங்கள். ஊராட்சித் தீர்மானம், வனத்துறை மதிப்பீடு, பொது ஏலம் என்ற வரிசையும் தப்பக் கூடாது.

மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது பெயர்த்தால் வேர் முழுசாக வரும். கோடையில் காய்ந்த களிமண்ணில் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். ஜே.சி.பி. விட்டால் மரம் மரமாகத் தோண்டச் சொல்லுங்கள். திடலையே உழுது புரட்டினால் அடியில் உயிரோடு கிடக்கும் அருகம்புல் வேரும் போய்விடும். அந்த வெற்று மண்ணில் முதலில் முளைப்பது மறுபடி சீமைக்கருவேலம்தான்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மாடும் ஆடும் நெற்றைத் தின்று, செரிக்காத விதையைச் சாணத்தோடு போடுகின்றன. விதை அப்படித்தான் நன்றாக முளைக்கிறது. பக்கத்து ஊர்த் தோப்பில் நெற்று தின்ற மாட்டை ஒரு வாரமாவது பட்டியில் கட்டிய பிறகே சுத்தம் செய்த திடலில் விடுங்கள். அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுக்கு மழைக்குப் பின் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். இந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காத திட்டம் நான்காம் ஆண்டு பழைய நிலைக்கு வந்துவிடும்.

நெய்வேலிக் காட்டாமணக்கை ஆடு தின்னலாமா?
வாசகர், மன்னார்குடி

கூடாது. ஆடு முதலில் சீந்தாது. வேறு பசுமை இல்லாதபோது பழகிவிட்டால் அதையே தேடும். தொடர்ந்து தின்றால் நரம்பு பாதித்து, தள்ளாடி, மெலிந்து சாகும். வாய்க்கால் வற்றிய கோடையில் வேரோடு பிடுங்கி மேட்டில் காயப் போடுங்கள். ஈரத்தில் விழும் ஒவ்வொரு துண்டும் வேர்விடும்.

ஒரு தன்னார்வ அமைப்பு எங்கள் திடலில் 5,000 மரக்கன்று நடக் கேட்கிறது. சம்மதிக்கலாமா?
வாசகர், பேராவூரணி

வேண்டாம். மரம் நல்லது, இடம் தவறு. நிழல் விழுந்த இடத்தில் அருகு ஒதுங்கும். வெயில் குடித்து வளரும் புல்வெளியை வெற்றிடம் என்று நினைப்பதால் வருகிற யோசனை இது. கோடியக்கரையில் வெளிமான் வாழ்வது திறந்த புல்வெளியை நம்பித்தான். அங்கேயும் சீமைக்கருவேலம் மூடியதுதான் தொல்லை. அந்த அமைப்பிடம் வாய்க்கால் கரையைக் காட்டுங்கள். திடலின் ஓரத்தில் மாடு படுக்க நாலைந்து வேம்பும் புங்கனும் போதும்.

கனடாவில் அரசே மேய்ச்சல் நிலம் நடத்தியதாமே?
வாசகர், கும்பகோணம்

ஆம். 1930-களின் வறட்சியில் உழுத கோதுமை நிலத்து மண் காற்றில் பறந்தபோது, 1935-இல் பிரேரி பண்ணை மறுவாழ்வு நிர்வாகம் என்ற அமைப்பு உருவானது. கைவிட்ட வயல்களை வேலியடைத்து, புல் விதைத்து, உழாத புல்வெளியையும் சேர்த்துச் சமுதாய மேய்ச்சல் நிலமாக்கினார்கள். சுற்றுவட்ட விவசாயிகள் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி மாடு விட்டார்கள். 2012-இல் மத்திய அரசு விலகுவதாக அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் நிலம் மாகாணங்களிடம் போயிற்று. அதிகம் இருந்த சஸ்காட்செவனில் மாடு விட்டவர்களே குழு சேர்ந்து குத்தகைக்கு எடுத்தார்கள். வேலிச் செலவும், பொந்தாந்தை போன்ற அரிய உயிர்களைக் காக்கும் பொறுப்பும் இனி யாருடையது என்பதுதான் அங்கே எழுந்த வாதம். ஒருமுறை உழுத பூர்வீகப் புல்வெளி, விதை தூவினாலும் பழைய வகைகளோடு திரும்புவதில்லை.

மேய்ந்து மேய்ந்து திடல் கட்டாந்தரையாகிவிட்டது. என்ன புல் விதைப்பது?
வாசகர், ஒரத்தநாடு

விதை வாங்குமுன் ஒரு பருவம் மேய்ச்சலை நிறுத்திப் பாருங்கள். அருகு பாதிக்குப் பாதி தானே மூடிவிடும். மூடாத இடத்துக்கு மட்டும் விதை. உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் கொழுக்கட்டைப்புல் ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, இடையில் முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனம். இந்த ஆண்டு பறித்த கொழுக்கட்டை விதை உறக்கத்தில் இருக்கும், ஆறு மாதமாவது கழித்து விதையுங்கள். முயல்மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறப்போட வேண்டும். கொதிக்கும் நீரில் போட்டு வேகவைத்துவிட்டு 'விதை போலி' என்று சொல்லாதீர்கள். தண்ணீர் தேங்கும் களிமண் திடலுக்கு இவை ஆகாது. அங்கே நீர்ப்புல் கரணை.

மூடியபின் திடலை நான்காகப் பிரியுங்கள். ஒரு பங்கில் 7 நாள், பிறகு 21 நாள் ஓய்வு. புல் நாலு விரல் உயரத்துக்குக் கீழே போனால் நாள் மீதியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். சிக்கல் ஒன்று: புல் விதை முற்றும் மார்கழியில்தான் மாட்டுக்கும் வேறு இடமில்லை. எனவே ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும் தை வரை அடைத்து, மற்ற மூன்றில் சுழற்றுங்கள். எந்தப் பங்கு, எந்த ஆண்டு என்பதை நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானமாக எழுதிவிட்டால், மந்தை ஓட்டி வரும் வெளியூர்க் கிடைக்காரரிடமும் அந்தத் தாளைக் காட்டலாம்.