முகத்து நரம்பு வலி: ஒப்பரேஷனுக்கு எப்போது சம்மதிப்பது?

கேள்வி: வயது 56. மூன்று வருடமாக வலது கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி வலி. பல்வலி என்று இரண்டு பல்லும் பிடுங்கியாயிற்று. கச்சான் காற்று முகத்தில் பட்டாலே துடித்துப்போகிறேன். கார்பமசெபைன் குளிசையைக் கூட்டிக் கூட்டி, இப்போது தலைசுற்றி நடக்க முடியவில்லை. எம்ஆர்ஐயில் இரத்தக்குழாய் நரம்பை அழுத்துவது தெரிகிறதாம். கொழும்பில் ஒப்பரேஷன் செய்யலாம் என்கிறார்கள். பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இன்னும் பொறுக்கட்டுமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, குளிசை வலியை அடக்கி, உங்களை நடமாடவும் விட்டிருந்தால் பொறுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். வலி மாதக்கணக்கில் தானாகவே ஓய்ந்திருப்பதும் உண்டு. ஆனால் உங்களுக்கு வலியும் நிற்கவில்லை, மருந்தும் ஆளைச் சாய்க்கிறது. சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்க இதுதான் நேரம். பார்ப்பதாலேயே சம்மதித்ததாக ஆகிவிடாது.

அதற்கு முன் கிளினிக்கில் இரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குளிசை அதைக் குறைக்கும், தலைசுற்றலுக்கு அதுவும் காரணமாகலாம். இதே வகையைச் சேர்ந்த ஒக்ஸ்கார்பசெபைன் குளிசைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள், அதுவும் சோடியத்தைக் குறைக்கக்கூடியதுதான். நீங்களாகக் குளிசையைச் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

பிள்ளைகளின் பயம் நியாயமானது, மண்டையைத் திறப்பது சின்ன விஷயமில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு திறப்புப் போட்டு, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் துண்டு வைப்பார்கள். நரம்பை வெட்டுவதில்லை. அநேகருக்கு வலி உடனே நின்றுவிடுகிறது. 10 வருடம் கழித்தும் சுமார் 70 வீதமானோர் வலியில்லாமல் இருக்கிறார்கள். அந்தப் பக்கக் காது மந்தமாகலாம், மூளைத் திரவம் கசியலாம், மிக அரிதாகப் பக்கவாதமோ உயிராபத்தோ வரலாம். இதை மறைத்து யாரும் தைரியம் சொல்லக் கூடாது.

கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி நரம்பைச் சூடாக்கும் முறையும், பலூனால் அழுத்தும் முறையும் இருக்கின்றன. வயது கூடியவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் அவை பொருந்தும். ஆனால் முகம் விறைத்துப்போகலாம், வலியும் சீக்கிரம் திரும்பக்கூடும். ஸ்கேனில் அழுத்தம் தெளிவாகத் தெரிகிற உங்களுக்கு, இருதயமும் பிரஷரும் சரியாக இருந்தால், முதலில் சொன்ன, மண்டையைத் திறக்கும் வழிதான் நல்லது என்பது என் எண்ணம். வயது ஏற ஏற மயக்கமருந்தைத் தாங்குவதும் கடினமாகும். சாப்பிட முடியாமல் மெலிந்த பிறகு ஓடுவதைவிட, உடம்பில் தெம்பு இருக்கும்போதே போங்கள்.

ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த ஒப்பரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குக் காது பாதித்தது என்று டொக்டரிடம் நேராகவே கேளுங்கள். இன்னொன்று, இனிப் பல்லைப் பிடுங்க மட்டும் யாருக்கும் வாயைத் திறக்காதீர்கள், நரம்பு டொக்டரைக் கேட்காமல்.