யாரோ பெற்ற பிள்ளையைத் தேடி

வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். என் மகன் வங்கியில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. போன வருடம் கடல் மீட்புக் கழகத்தில் தொண்டராகச் சேர்ந்தான். சம்பளம் கிடையாது. தீபாவளியன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் போன் வந்தது. இலையில் போட்டது போட்டபடி இருக்க, எழுந்து போய்விட்டான். இரவு வெகு நேரம் கழித்து வந்தவன் யாரிடமும் பேசவில்லை. யாரையோ தேடிப் போனார்களாம், கிடைக்கவில்லையாம்.

இவர்கள் எதற்காகப் போகிறார்கள்? சாகசமா, பேர் வாங்கவா? சொந்தக் குழந்தையை விட்டுவிட்டு யாரோ பெற்ற பிள்ளையைத் தேடுவது என்ன நியாயம்? நான் அவனைத் தடுக்கலாமா? நீங்கள் டர்பனைப் பற்றி நிறைய எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

– ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. தியாகம், சேவை என்று சொல்லி அதை அடக்கப் பார்க்கமாட்டேன்.

சாகசமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேரும்போது பலருக்கு அதுவும் இருக்கும். அலையைக் கிழித்துக்கொண்டு போகும் படகில் ஏற ஆசைப்படாத இளைஞர் குறைவு. ஆனால் அந்த ஆசை ரொம்ப நாள் தாங்காது. பயிற்சி என்பது முடிச்சுப் போடுவது, ரேடியோ, வரைபடம், முதலுதவி, மறுபடியும் முடிச்சு. திரும்பி வந்ததும் உப்புப் போகப் படகைக் கழுவ வேண்டும். சாகசத்துக்கு மட்டும் வந்தவர் அங்கேயே கழன்றுகொள்வார். உங்கள் மகன் ஒரு வருடம் தாண்டி நிற்கிறார். பேர் வாங்கவும் வழியில்லை. காப்பாற்றப்பட்டவருக்குக்கூட பெரும்பாலும் படகில் இருந்தவர்கள் யாரென்று தெரியாது.

சிலர் பட்ட கடனைத் தீர்க்க வருகிறார்கள். உங்கள் மகனின் கழகமே அப்படிப் பிறந்ததுதான். 1966இல் ஸ்டில்பாய் பக்கத்துக் கடலில் மீன்பிடிப் படகுகள் மூழ்கி 17 மீனவர்கள் இறந்தார்கள். சைமன்ஸ்டவுனில் ஆசிரியையாக இருந்த பாட்டி பிரைஸ் என்ற பெண்மணி, நமக்கும் ஒரு கடல் மீட்பு அமைப்பு வேண்டும் என்று பத்திரிகைகளுக்கு விடாமல் கடிதம் எழுதினார். அதற்கு முன்பு இங்கிலீஷ் கால்வாயில் அவருடைய படகு விபத்துக்குள்ளானபோது பிரிட்டனின் மீட்புப் படகுக்காரர்கள் அவரைக் காப்பாற்றியிருந்தார்கள். அவர்களும் தொண்டர்கள்தான். 1967இல் கழகம் தொடங்கியது. முதல் படகு ஐந்து மீட்டர்கூட நீளமில்லாத ஒரு ரப்பர் படகு. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காமல் அதில் இருக்கிறார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்து, போகிறவர்களில் பெரும்பாலோரை இழுப்பது வேறொன்று. அதைச் சொல்ல நம் சொந்த ஊர்க் கதையே போதும். நம் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாமலே போய்விட்டது என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

1917 அக்டோபரில் உம்கேனி ஆறு கரை உடைத்து ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்துக்குள் புகுந்தது. காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த நம் மக்களின் தகரக் குடிசைகள் அங்கேதான் இருந்தன. கூரைமீதும் மரத்திலும் தொங்கிக்கொண்டிருந்தவர்களைத் தேடிப் போனவர்கள், மாரிமுத்து படவாட்டனும் அவருடைய ஆட்களும். மொத்தம் ஆறு பேர். கரைவலை இழுத்துப் பிழைத்த மீனவர்கள். ஒரே படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவாட்டன் அறுவர் என்று டர்பனில் இன்றும் சொல்கிறார்கள்.

கரையில் அன்று நின்ற மற்றவர்களுக்கு இரக்கம் இல்லையா? நிச்சயம் இருந்திருக்கும். இந்த ஆறு பேரிடம் கூடுதலாக இருந்தவை படகும், தண்ணீரைப் படிக்கத் தெரிந்த கண்ணும். எந்த இடத்தில் இழுப்பு வரும், எந்தக் கோணத்தில் படகைத் திருப்ப வேண்டும் என்று வயிற்றுப்பிழைப்புக்காகக் கற்றவர்கள். தன்னால் முடியும் என்று தெரிந்த ஒருவருக்குக் கரையில் சும்மா நிற்பது பெரிய வேதனை. என்ன செய்வதென்று தெரியாதவர் அழலாம், சாமியைக் கும்பிடலாம். தெரிந்தவரால் அது முடியாது. உங்கள் மகன் இலையை விட்டு எழுந்தது குடும்பம் முக்கியமில்லை என்பதால் இல்லை என்று நினைக்கிறேன். அங்கே உட்கார்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்கியிருக்காது. அப்புறம், படகில் தனக்கென்று ஒரு வேலை இருக்கிறது, தான் வராவிட்டால் கூட்டாளிகளில் ஒருவர் இரண்டு பேர் வேலையைச் செய்ய வேண்டும் என்ற நினைப்பும் உண்டு.

அன்று ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். தேடல் பணியில் பல நேரம் அப்படித்தான். உயிரோடு கிடைக்கும் நேரம் கடந்த பிறகும் போகிறார்கள். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் 430 பேருக்கு மேல் இறந்தார்கள். பல வீடுகளுக்கு உடலே வரவில்லை. உங்களுக்குத் தெரியாததில்லை, உடல் வராத வீட்டில் எந்த நாளை முதல் நாளாக எண்ணுவது? பதினாறாம் நாள் எது? படத்துக்கு மாலை போடலாமா, போட்டால் நாமே கொன்றதுபோல் ஆகிவிடுமா என்று தவித்த குடும்பங்கள் உண்டு. சேற்றிலும் கழிமுகத்திலும் நாள்கணக்கில் தேடியவர்கள் அந்த வீடுகளுக்காகத் தேடினார்கள். யாரோ பெற்ற பிள்ளையைத் தேடுவது என்ன நியாயம் என்று கேட்டீர்கள். அந்தப் பிள்ளையைப் பெற்றவள் கரையில் நின்றுகொண்டிருப்பாள். உங்கள் மகன் அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதனால்தான் அந்த இரவு பேச்சு வரவில்லை.

ஆபத்தை நான் மறைக்கமாட்டேன். அதே 2022இல், காவல்துறையின் தேடல் மீட்புப் பிரிவைச் சேர்ந்த சார்ஜெண்ட் புசிசிவே ம்ஜ்வாரா, காணாமல்போனவர்களைத் தேடும்போது ம்சுண்டூசி ஆற்றில் இறந்தார். அவருடைய நாய் லியாவும் இறந்தது. முறையாகப் பயின்றவருக்கே அது நடந்தது.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கடலிலும் ஆற்றிலும் யாரோ தத்தளிப்பதைப் பார்த்து, பயிற்சி இல்லாமல் குதித்து, குதித்தவரே மூழ்கிப்போவது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிறது. அதைத் தடுக்கத்தான் 2017இல் கழகம் கரையோரங்களில், தத்தளிப்பவருக்கு எறிந்து கொடுக்க இளஞ்சிவப்பு மிதவைகளை வைக்க ஆரம்பித்தது. உங்கள் மகன் எந்தக் கழகத்திலும் சேராமல் இருந்திருந்தாலும் குதிக்கிற ரகம்தான். இப்போது அவருக்கு உயிர்காப்பு உடையும் கூட்டாளிகளும் இருக்கிறார்கள், எப்போது இறங்கக்கூடாது என்று சொல்ல படகில் ஒரு பொறுப்பாளரும் இருக்கிறார். தன் உயிர், கூட இருப்பவர் உயிர், அதற்குப் பிறகே தண்ணீரில் இருப்பவர் உயிர் என்பதுதான் அங்கே முதல் பாடம்.

எனவே தடுக்காதீர்கள். ஆனால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, உங்கள் மருமகளுக்கு அதைவிட அதிகம். மாதத்தில் எந்த நாட்களில் அவர் பொறுப்பில் இருக்கிறார், எந்த நாட்கள் வீட்டுக்கு மட்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். போனால் யார் வீட்டுக்குத் தகவல் சொல்வார் என்று கேளுங்கள். தேடிப்போய் வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறாரா என்றும் கேளுங்கள். அப்படிப் பேசாதவர்கள்தான் சீக்கிரம் நொறுங்கிப்போகிறார்கள். பயிற்சி நாளில் துறைமுகத்துக்குப் போய் அந்தப் படகையும் அவருடைய ஆட்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.