காரைக்குடிப் பக்கம் தனியாக வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (சென்னைப் பெண்): பல்லவன் ரயிலில் வருகிறேன். ராத்திரி இறங்கித் தனியாக லாட்ஜுக்குப் போகலாமா?

போகலாம். கூட்டத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிடுங்கள். ரயில் இறக்கிவிட்ட கூட்டம் கலைந்தால் ஸ்டேஷன் வாசல் வெறிச்சோடிவிடும். சாயங்காலமே லாட்ஜுக்குப் போன் போட்டு, ஆட்டோவுக்கு என்ன வாங்குவார்கள், கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டு வையுங்கள். கூலியைப் பேசிவிட்டு ஏறுங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஓட்டுகிறவர் பார்க்கும்படியே எடுங்கள். லாட்ஜில் ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுக்கலாம். அறைக்குள் போனதும் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா பாருங்கள். விழாவிட்டால் வேறு அறை கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

கேள்வி: எந்த லாட்ஜ் நல்லது?

அது என் வேலை இல்லை. அண்மையில் தங்கியவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடி, கானாடுகாத்தான் இரண்டையும் பஸ்ஸிலேயே பார்த்துவிடலாமா?

கானாடுகாத்தானுக்குச் சிரமமில்லை, திருமயம் போகும் தடம். ஆத்தங்குடி உள்ளடங்கிய ஊர், பஸ் குறைவு. இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் பஸ் எப்போது என்று கேளுங்கள். திரும்பும் வண்டி உறுதியாகாமல் எந்தக் கிராமத்துக்குள்ளும் நுழையாதீர்கள். மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை தெருவில் ஆள் இருக்காது. இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகளின் நீளச் சுவர்தான். தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் கூப்பிட்ட குரலுக்கு யாரும் வரமாட்டார்கள். இந்தப் பக்கத்தில் திருடனைவிட இந்தத் தனிமைக்குத்தான் பயப்பட வேண்டும்.

கேள்வி (படம் எடுப்பவர்): கதவு திறந்து கிடக்கும் பழைய செட்டிநாட்டு வீட்டுக்குள் போய்ப் படம் எடுக்கலாமா? காவல்காரருக்கு 200 ரூபாய் கொடுத்தால் விடுவார் என்கிறார்களே?

காவல்காரர் விடுவார். ஆனால் வீடு அவருடையது இல்லை. ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். ஒருவர் சரி என்றாலும் இன்னொருவர் வந்து கேள்வி கேட்பார். கதவு, தூண், படம் என்று கழற்றிக்கொண்டு போன திருட்டுகளால் பெரிய பையோடு வரும் புது ஆள் மேல் சந்தேகம் வருவது இயல்பு. பங்காளி ஒருவரிடம் போனிலாவது அனுமதி வாங்குங்கள். எதிர் வீட்டு ஆச்சியிடம் "உள்ளே போறேன், அரை மணியில வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

உள்ளே போனால் மாடி ஏறாதீர்கள். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், தேக்குத் தூண் திடமாகத்தான் நிற்கும். ஆனால் உத்தரத்தின் முனை சுவருக்குள் இருக்கிறதே, அந்த ஒரு சாண் மழைத்தண்ணீரில் ஊறி உளுத்திருக்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது. சுவரில் கறை, தரையில் பாசி இருந்தால் நேர் மேலே உள்ள தளம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். கொல்லைப் பக்கம் போனால் புல்லுக்குள் கிணறு மறைந்திருக்கும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை ஓடும். பின்வாசல் பூட்டியிருக்கலாம், வந்த வழியை மறக்காதீர்கள்.

குறுக்கே ஒருவர்: அய்யா, பர்மா தேக்கு உளுக்குமா? எங்கள் வீடு நூறு வருஷம் தாண்டி நிற்கிறது.

ஆள் குடியிருந்து ஓடு மாற்றுகிற வீடு நிற்கும். தேக்கின் வைரம், அதாவது உள்கட்டை, லேசில் உளுக்காது, உண்மை. வெளிப்பக்க வெள்ளைக்கட்டைக்கு அந்தத் திடம் கிடையாது. எல்லாக் கட்டையும் தேக்கும் இல்லை.

அவரே: எங்கள் வீட்டில் மேலே இரும்பு உத்தரம்!

அது இன்னும் மோசம். துருப்பிடித்தால் இரும்பு பருக்கும். சுற்றியுள்ள சுண்ணாம்புக் கட்டுமானத்தைப் பிளந்துவிடும். காரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்த இடத்துக்குக் கீழே நிற்காதீர்கள்.

இன்னொருவர்: இப்படிப் பயமுறுத்தினால் யார் வருவார்கள்?

கீழ்த்தளத்தை வளவிலிருந்து பார்க்கச் சொல்கிறேன், வரவேண்டாம் என்று சொல்லவில்லை. மர விவாதத்தை இத்தோடு விடுவோம்.

கேள்வி: பாம்பு?

இடிபாட்டில் இருக்கும். ஷூ போடுங்கள், கை வைக்குமுன் டார்ச் அடியுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், ஷூவைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் இமை தொங்கும், மூச்சு திணறும். வலி இல்லையே என்று அறையில் போய்ப் படுக்காதீர்கள்.

கேள்வி: நாய் கடித்தால்?

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி. சின்னக் கீறலுக்கும்தான்.

கேள்வி: முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கி வெளிநாடு கொண்டு போகலாமா?

100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972 சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள்.

கேள்வி: ஆத்தங்குடியிலிருந்து திரும்ப ஆட்டோ கிடைக்குமா?

மேலே சொல்லியாயிற்று. போகிற ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லிக் கூலி பேசுங்கள்.

கேள்வி: பிள்ளையார்பட்டியிலிருந்து?

மதுரை ரோட்டை ஒட்டிய ஊர், பஸ் நிறைய. மதியம் நடை சாத்தியபின் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: அவசரத்துக்கு எந்த நம்பர்?

போலீஸுக்கு 112, பெண்களுக்கு 181, ரயிலில் என்றால் 139. சார்ஜ் போய்விட்டால் போனில் இருக்கும் எந்த நம்பரும் உதவாது. வீட்டு நம்பரையும் லாட்ஜ் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி, 500 ரூபாய்ச் சில்லறையோடு சட்டைப் பையிலோ கைப்பையிலோ வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே ஓடாது.