அறையைப் பூட்டி வைத்தால் ஈரம் எங்கே போகும்?

கேள்வி: வாடகைக்கு எடுத்த மெஷினால் ஹால் கார்பெட்டையும் சோபாவையும் ஷாம்பு போட்டுக் கழுவினோம். குளிர்காலம் என்பதால் ஜன்னல் கதவெல்லாம் மூடி, இரவு முழுக்க ஹீட்டர் போட்டு வைத்தோம். மூன்று நாளாகியும் காயவில்லை. இப்போது நாற்றமும் சேர்ந்துகொண்டது. நாற்றம் போக எந்த ஸ்பிரே நல்லது? குளிர்காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாதா?

பதில்: ஸ்பிரே பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. ஈரத்தின் மேல் வாசனையை அடித்தால் வாசனையோடு நாறும், அவ்வளவுதான். குளிர்காலத்தின் மேல் பழி போடுவதையும் ஒப்புக்கொள்ள முடியாது. தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியது நீங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 20 டிகிரியில் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்று, அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். நான்குக்கு நான்கு மீட்டர், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள ஹால் என்றால் 40 கன மீட்டர். காற்று துளி ஈரமில்லாமல் இருந்தாலும் மொத்தம் 680 கிராம்தான், ஒரு லிட்டர்கூட இல்லை. அதிலும் பாதி இடத்தை வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் பிடித்திருக்கும். கார்பெட்டிலும் சோபாவிலும் நீங்கள் விட்டு வைத்ததோ லிட்டர் கணக்கில். காற்று நிரம்பிவிட்டால் ஹீட்டர் எவ்வளவு எரிந்தும் பயனில்லை. காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்திருக்குமே, அது உங்கள் கார்பெட் தண்ணீர்தான். அடுத்து அது சுவரில் ஊறும்.

‘வெளியே பனியும் தூறலுமாக இருக்கும்போது ஜன்னலைத் திறப்பதா?’ என்று கேட்பீர்கள். திறக்கத்தான் வேண்டும். 5 டிகிரி குளிர்காற்று முழுக்க நனைந்திருந்தாலும் அதில் கன மீட்டருக்கு 7 கிராம் நீராவிதான் இருக்கும். அதை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும், மீதி இடமெல்லாம் உங்கள் கார்பெட் ஈரத்துக்கு. ஆகவே ஹீட்டரையும் போடுங்கள். மணிக்கு ஒரு தடவை எதிரெதிர் ஜன்னல்களை ஐந்து, பத்து நிமிடம் நன்றாகத் திறந்து மூடுங்கள். புழுக்கமான மழைக்காலத்தில் இந்த வித்தை பலிக்காது. அப்போது வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். அந்த வகையில் குளிர்காலம் உங்களுக்குச் சாதகம் என்றுகூடச் சொல்வேன்.

என்ன ஹீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. புகைக்குழாய் இல்லாத கேஸ் அல்லது மண்ணெண்ணெய் ஹீட்டர் என்றால், ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை நீராவியாக அறையிலேயே விட்டிருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், அடைத்த அறையில் இரவு முழுக்க அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். இனி அப்படிச் செய்யாதீர்கள். மின்சார ஹீட்டராக இருந்தாலும் சோபாவுக்கு ஒட்டி வைக்க வேண்டாம்.

ஃபேன் கட்டாயம். டேபிள் ஃபேனைத் தரையிலேயே வைத்து, காற்று கார்பெட்டை உரசிக்கொண்டு போகும்படி திருப்பி விடுங்கள். டீஹ்யூமிடிஃபையர் இருந்தால் மட்டும் ஜன்னலை மூடிவைக்கலாம், காற்றில் ஏறும் ஈரத்தை அந்தக் கருவியே தண்ணீராகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கம்ப்ரஸர் வகைக் கருவி 15 டிகிரிக்குக் கீழே திணறும். அறை சூடாக இருக்க வேண்டும்.

சரி, காய வைப்பதெல்லாம் பிறகு. பாதி வேலை கழுவும்போதே முடிந்திருக்க வேண்டும். தண்ணீர் விட்டு ஒரு தடவை இழுத்தால், தண்ணீர் விடாமல் இரண்டு மூன்று தடவை உறிஞ்ச மட்டும் இழுக்க வேண்டும். மெஷின் வாயில் தண்ணீர் ஏறுவது நிற்கும்வரை. பெரும்பாலானவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கை வலிக்கும், உண்மைதான். கடைசியில் பழைய துண்டுகளை விரித்து மேலே நடந்தால் இன்னும் கொஞ்சம் வரும். ஷாம்புவும் கை தாராளமாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அலசிப் போகாத ஷாம்பு பிசுபிசுத்து, முன்பைவிட வேகமாக அழுக்கை இழுக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. கார்பெட் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சு விரிப்பைப் பாருங்கள். மேலே தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம்; கம்பளி தன் எடையில் கால் பங்குக்கும் மேல் ஈரத்தை வைத்துக்கொண்டு, காய்ந்ததுபோலவே இருக்கும். வெள்ளை டிஷ்யூவை அழுத்திப் பாருங்கள், அல்லது புறங்கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். அடி விரிப்பில் கறுப்போ பச்சையோ புள்ளி தெரிந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள், துடைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். புள்ளி இல்லை, நாற்றம் மட்டும்தான் என்றால், ஷாம்பு இல்லாமல் கொஞ்சமே வெறும் தண்ணீர் விட்டு உறிஞ்சி, மேலே சொன்னபடி காய வையுங்கள்.

சோபா குஷன்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் காற்றுபட வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபோம்தான் கடைசியாகக் காயும். ஜிப்பைத் திறந்து விடுங்கள். உறையைக் கழற்றிச் சூட்டில் போட்டால் சுருங்கி, திரும்ப மாட்ட முடியாமல் போகலாம். மேஜை நாற்காலிகளை ஈரக் கார்பெட்டின் மேல் அப்படியே திருப்பி வைத்திருந்தால் உடனே கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டு கொடுங்கள். துருவும் மரச்சாயமும் ஏறினால் போகாது.

குளிர்காலத்தில் தொடலாமா என்றால், தாராளமாக. ஆனால் காலையிலேயே ஆரம்பியுங்கள். அப்புறம், கார்பெட்டையும் சோபாவையும் ஒரே நாளில் நனைக்காதீர்கள்.