முழங்கால் தசைநார் அறுந்த ஆட்டக்காரருக்குச் சத்திரசிகிச்சையா, பயிற்சியா?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய வைத்தியர் ஐயா, எனக்கு 22 வயது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே எங்கள் ஊர்க் கழகத்துக்காக உதைபந்தாடி வருகிறேன். ஐந்து வாரங்களுக்கு முன்னர் ஓர் ஆட்டத்தில் பந்தோடு இடப்புறம் வெட்டித் திரும்பியபோது, யாரும் என்மீது மோதாத நிலையில், வலது முழங்காலுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அன்று மாலைக்குள் கால் நன்றாக வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கானில் ஏ.சி.எல். தசைநார் முற்றாக அறுந்திருப்பதும், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸில் சிறு கிழிவு இருப்பதும் தெரியவந்தன. இப்போது வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. நடக்கிறேன், சைக்கிளும் ஓடுகிறேன். சத்திரசிகிச்சை செய்துகொள்வது நல்லது என்று நிபுணர் கூறுகிறார். மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று இயன்மருத்துவர் கூறுகிறார். உடனே செய்யாவிட்டால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மாவின் நகையை அடைவு வைத்தாவது கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் செய்துவிட வேண்டும் என்று அப்பா நிற்கிறார். கழகத்து அண்ணன்மாரோ, காலில் கத்தி பட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது என்கிறார்கள். நான் யார் சொல்லைக் கேட்பது?
– வாசகர், குருநகர்

பதில்: தம்பி, நிபுணர் சொன்னதும் இயன்மருத்துவர் சொன்னதும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு முரணானவை அல்ல. சத்திரசிகிச்சை செய்துகொண்டாலும் மாதக்கணக்கில் பயிற்சி செய்தே ஆகவேண்டும். செய்யாவிட்டாலும் அதே பயிற்சியைத்தான் செய்யவேண்டும். ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி, பயிற்சிக்கு முன்னரே சத்திரசிகிச்சை வேண்டுமா, அல்லது பயிற்சியால் காலைத் தேற்றிப் பார்த்த பின்னரும் அது தேவைப்படுகிறதா என்பதே.

ஏ.சி.எல். என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகப் பிணைத்து, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்துவைக்கும் தசைநார். நேராக நடப்பதற்கும் சைக்கிள் ஓடுவதற்கும் அதன் துணை அதிகம் தேவைப்படுவதில்லை. ஓடும் வேகத்தில் திடீரென நின்று திரும்பும்போதும், உயரத் துள்ளி ஒற்றைக்காலில் இறங்கும்போதும்தான் அது இல்லாத குறை வெளிப்படும். எனவே சைக்கிள் ஓட முடிகிறது என்பதை வைத்து, உங்கள் முழங்கால் உதைபந்தாட்டத்தைத் தாங்கும் என்றோ தாங்காது என்றோ இப்போது யாராலும் சொல்ல முடியாது. முற்றாக அறுந்த நார் பழைய உறுதியோடு தானாகக் கூடிவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஆனால் தொடைத் தசைகளும் அவற்றை இயக்கும் நரம்புகளும் நன்றாகப் பழக்கப்பட்டால், அந்த நார் இல்லாமலேயே மூட்டை உறுதியாக வைத்திருக்கக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களுள் ஒருவரா என்பதை ஸ்கான் படம் காட்டாது, பயிற்சிதான் காட்டும்.

உங்களைப் போன்றவர்களை வைத்தே சுவீடனில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2010 இல் வெளியாகின. 18 முதல் 35 வயது வரையான, விளையாட்டில் ஈடுபாடுள்ள 121 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு விரைவிலேயே சத்திரசிகிச்சையும் பயிற்சியும் அளித்தார்கள். மற்றப் பிரிவினருக்கு முதலில் பயிற்சி மட்டும் அளித்து, மூட்டு நிலைகுலைந்தால் மட்டும் பின்னர் சத்திரசிகிச்சை செய்தார்கள். இரண்டு ஆண்டுகளின் பின்னரும் ஐந்து ஆண்டுகளின் பின்னரும் வலி, அன்றாட இயக்கம், விளையாடும் திறன் ஆகியவற்றில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சியோடு தொடங்கிய 59 பேரில் 30 பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் சத்திரசிகிச்சைக்குச் சென்றார்கள். ஏனையோருக்கு அது தேவைப்படவே இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர்கள் இதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஊர்க் கழகத்து ஆட்டக்காரர் என்பதால், இந்த ஆய்வு உங்களுக்குப் பெரிதும் பொருந்தும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் உடனே சத்திரசிகிச்சை செய்தவர்கள் சிறிதளவு முன்னிலையில் இருந்தார்கள். அங்கும் பயிற்சியோடு தொடங்கியவர்களில் பாதிப்பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள். 2022 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு வேறு வகையினரைப் பற்றியது. காயமடைந்து நெடுநாளாகியும் முழங்கால் விட்டுவிட்டு நழுவிக்கொண்டிருந்த 316 பேரை அதில் சேர்த்தார்கள். அவர்களுள் சத்திரசிகிச்சைக்கு அனுப்பப்பட்ட பிரிவினரே தெளிவாக நல்ல பலன் பெற்றார்கள்.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். புதிதாகக் காயமடைந்த, காலை நீட்ட முடியாதபடி மூட்டுப் பூட்டிக்கொள்ளாத ஒருவர் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுப்பதால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. ஆனால் பயிற்சிக்குப் பிறகும் கால் நழுவும் ஒருவர், பயிற்சி போதும் என்று பிடிவாதமாக இருந்தால் இழப்பு உண்டு. ஏனெனில் ஒவ்வொரு முறை நழுவும்போதும், மூட்டுக்குள் மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவக் கசியிழையம் நசுங்கி மேலும் கிழியக்கூடும். தசைநாரைப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். சிதைந்துபோன மெனிஸ்கஸை முன்போல் ஆக்குவது கடினம்.

மூன்று மாதப் பயிற்சி என்று நான் சொல்வது, வீட்டில் படுத்திருந்து நாளைக்கு இருமுறை காலைத் தூக்கி இறக்குவதை அல்ல. அந்த மாதிரி ‘பயிற்சி’ செய்துவிட்டு வந்து பலனில்லை என்று சொல்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். முதல் வேலை, முழங்காலை மற்றக் காலுக்குச் சமமாக முற்றாக நீட்டப் பழகுவது. அடுத்தது தொடையின் முன்தசை. தசைநார் அறுந்த சில வாரங்களிலேயே அது கண்ணால் பார்க்கும் அளவுக்கு மெலிந்துவிடும். இரண்டு தொடைகளையும் அளவுநாடாவால் அளந்து பார்த்தால் உங்களுக்கே புரியும். யாழ்ப்பாணத்தவருக்குச் சைக்கிள் கைவசம் இருக்கிறது. இருக்கையைச் சற்று உயர்த்தி, தட்டையான வீதியில் ஓடுவது நல்ல தொடக்கம். ஆனால் அது தொடக்கம் மட்டுமே. பாரம் வைத்துக் குந்தி எழுதல், படியேறி இறங்குதல், ஒற்றைக்காலில் சமநிலை பேணுதல், பின்னர் துள்ளி இறங்குதல் என்று வாரந்தோறும் கடினம் கூடவேண்டும். அதை இயன்மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்தவும் வேண்டும். இந்த மூன்று மாதத்தில் கழகப் பயிற்சிக்குப் போய், சும்மா ஒரு பக்கத்தில் நின்று பந்தைத் தட்டுவதும் கூடாது. சும்மா தட்டப் போனவர் பத்தாவது நிமிடத்தில் வெட்டித் திரும்புவார் என்பதை ஆடியவர் எவரும் அறிவர்.

மூன்று மாத முடிவில் வீக்கம் இல்லாமல், கால் ஒருமுறையும் நழுவாமல், தொடைத் தசை மற்றத் தொடையின் பலத்துக்குக் கிட்ட வந்து, ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் இரு கால்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்துப் பயிற்சியைத் தொடரலாம். இடையில் கால் நழுவினாலோ, நீங்கள் உதைபந்தாட்டத்தை முழு வேகத்தில் ஆடியே தீருவேன் என்ற முடிவில் இருந்து மூட்டு அதற்கு ஈடுகொடுக்காவிட்டாலோ, உங்கள் நிபுணர் சொன்ன வழியே சரியான வழி. அப்போதும் நீங்கள் செய்த பயிற்சி வீண்போகாது. விறைத்து வீங்கிய முழங்காலில் அவசரப்பட்டுச் செய்யும் சத்திரசிகிச்சையில் மூட்டு மேலும் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு. நன்றாக நீளும், பலமுள்ள காலோடு போகிறவர் பின்னர் எளிதில் தேறுவார்.

சத்திரசிகிச்சை என்றால் அறுந்த நாரைத் தைப்பது என்றே பலர் எண்ணுகிறார்கள். பொதுவாகச் செய்யப்படுவது அதுவன்று. உங்கள் உடலிலிருந்தே, பின்தொடைத் தசைநாணையோ முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள நாணின் ஒரு பகுதியையோ எடுத்து, சிறு துளைகள் வழியாகக் கமெராவைச் செலுத்திப் பார்த்தபடி, எலும்புகளில் துளையிட்டுப் புதிய நாராகப் பொருத்துவார்கள். எதை எடுப்பது என்று நிபுணரோடு பேசுங்கள். சில்லின் கீழிருந்து எடுத்தால், முழந்தாளிடும்போது நீண்ட காலம் வலி இருக்கக்கூடும். குருநகரில் வாழும் உங்களுக்குக் கோவிலில் முழந்தாளிட்டுச் செபிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அற்ப விடயம் என்று விட்டுவிட வேண்டாம்.

பொருத்திய ஒட்டு உயிருள்ள நாராக மாறுவதற்கு மாதங்கள் பல செல்லும். ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் காயமடையும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நியூசிலாந்துத் துடுப்பாட்ட வீரர் கேன் வில்லியம்சன் 2023 மார்ச் 31 இல் ஐ.பி.எல். ஆட்டமொன்றில் இதே தசைநாரை அறுத்துக்கொண்டு, ஒக்ரோபர் 13 இல் சென்னையில் உலகக் கிண்ண ஆட்டத்தில் துடுப்பெடுத்தாடியதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது ஆறரை மாதம். ஆனால் அவருக்குத் தேறுவதே முழுநேர வேலை, சுற்றிலும் ஒரு குழுவே இருந்தது, துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் முழங்காலிடம் ஒரே அளவில் வேலை வாங்குவதில்லை. அவரைக் கணக்காக வைக்காதீர்கள்.

கழகத்து அண்ணன்மார் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஏதாவதொரு விளையாட்டுக்குத் திரும்பியோர் 81 வீதம். போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியோர் 55 வீதம் மட்டுமே. ஆட்டத்தை முடிப்பது கத்தி அன்று. நான்காம் மாதத்தில் வலி போனதும் பயிற்சியைக் கைவிடுவதும், மீண்டும் அறுந்துவிடுமோ என்ற பயமுமே பலரை நிறுத்திவிடுகின்றன.

அப்பாவிடம் இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள். உடனே செய்யாவிட்டால் மூட்டுத் தேய்ந்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அந்த ஆபத்து இந்தக் காயத்தோடு வருவது, எந்த வழியில் போனாலும் ஓரளவு இருக்கும். இரண்டாவது, அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். யாழ். போதனா வைத்தியசாலையின் என்பியல் கிளினிக்கில் காத்திருப்புக் காலம் எவ்வளவு, பொருத்தும் பொருட்களில் எதையாவது நீங்கள் வாங்கிக் கொடுக்கவேண்டுமா என்று கேட்டறிந்துவிட்டு, அதன் பின்னர் நகையைப் பற்றி யோசிக்கலாம். கொழும்பில் செய்வதானாலும், தையல் பிரித்த பின்னர் ஒன்பது மாதம் இங்கே யார் உங்கள் பயிற்சியைக் கவனிப்பார் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் பேருந்து ஏறவேண்டாம். நிபுணரிடம் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: என் மெனிஸ்கஸ் கிழிவு தானாக அடங்கக்கூடியதா, அல்லது தைக்கவேண்டிய வகையா? தைக்கவேண்டியது என்றால், மேலே சொன்ன மூன்று மாதக் கணக்கு மாறும்.

கேள்வி: எனது மகளுக்கு வயது 17, பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் ஆடுகிறாள். பந்தைப் பிடித்து இறங்கும்போது முழங்கால் திருகி இரண்டு வாரமாகிறது. காலை முழுதாக நீட்ட முடியவில்லை. ஏதோ இடையில் தடுப்பது போல இருக்கிறது என்கிறாள். உயர்தரப் பரீட்சை நெருங்குவதால், அதுவரை பயிற்சி செய்துவிட்டுப் பிறகு பார்க்கலாமா?
– ஒரு தாய், நெல்லியடி

பதில்: அம்மா, தள்ளிப்போட வேண்டாம். முன்னைய கேள்விக்கு நான் சொன்ன ‘முதலில் பயிற்சி’ என்ற வழி, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்ட முழங்காலுக்குப் பொருந்தாது. கிழிந்த மெனிஸ்கஸின் ஒரு துண்டு பிரண்டு மூட்டின் நடுவே சிக்கியிருந்தால் இப்படி நிகழும். அதை விரைவில் விடுவித்துத் தைத்தால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம், நாட்பட்டால் வெட்டி அகற்றவேண்டி வரலாம். 17 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய இழப்பு. வீக்கத்தாலும் தசை இறுக்கத்தாலும்கூடக் கால் நீளாமல் இருக்கலாம் என்பதால் முன்கூட்டியே பயப்பட வேண்டியதில்லை; ஆனால் இந்த வாரத்திலேயே என்பியல் நிபுணர் ஒருவர் பார்க்கவேண்டும். அதுவரை யாரும் காலை இழுத்து நீட்ட முயலக்கூடாது. ரியூசனுக்குச் சைக்கிளில் அனுப்பவும் வேண்டாம்.

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். அறுவது இரண்டு மடங்குக்கு மேல் அதிகம். ஆகவே மெனிஸ்கஸோடு அந்த நாரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முழங்காலில் ஏ.சி.எல். அறுந்தவருக்கு முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டால் கூடிவிடுமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: முழங்காலின் உட்பக்கத் தசைநார் மட்டும் சுளுக்கியிருந்தால், அது பெரும்பாலும் சத்திரசிகிச்சையின்றியே சில வாரங்களில் ஆறும், அந்த நாட்களில் கட்டுப் போட்டிருந்தவர், கட்டுத்தான் மாற்றியது என்று ஊரெல்லாம் சொல்வார். மூட்டின் நடுவே அறுந்த ஏ.சி.எல்.லை எண்ணெயோ கட்டோ கூட்டிவைக்காது. எண்ணெய் பூசுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு வாரம் காலை இறுக்கிக் கட்டி அசையாமல் வைத்திருந்தால், மூட்டுக்குக் காவலாக எஞ்சியிருக்கும் தொடைத் தசையும் கரைந்துவிடும். கட்டை அவிழ்த்துவிட்டு, ஒரு நிபுணரிடம் காட்டி, எது அறுந்திருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.