95 அடிச் சுவரும் 28 பேரும்: இறுதியாண்டுக் கண்காட்சி பற்றி வாசகர் கேள்விகள்

மார்ச் பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். கிராஃபிக் டிசைனும் விஸ்காமும் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகள் கண்காட்சிக்கு இடம், பணம், ஆள் என்று அலையும் நேரம் இது. நான் நெடுநாளாக அச்சுக்கும் பேக்கேஜிங்குக்கும் வடிவமைத்துப் பிழைப்பவன். கல்லூரிகளுக்கு வெளித்தேர்வாளராகவும் போய்வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே இந்தப் பதில்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் 28 பேர். கல்லூரி கொடுத்திருக்கும் ஹால் 40க்கு 25 அடி. ஒவ்வொருவரும் படித்த காலத்தில் செய்த எல்லாவற்றையும் மாட்ட வேண்டும் என்கிறார்கள். சண்டை வராமல் சுவரைப் பங்கிடுவது எப்படி?
— இறுதியாண்டு மாணவி, சென்னை

முதலில் சுவரை அளந்துவிடுவோம். 40க்கு 25 என்றால் சுற்றளவு 130 அடி. கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு, தூண் எல்லாம் கழிந்து 95 அடி மிஞ்சுகிறது என்று வையுங்கள். 28 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு மூன்றரை அடிகூட வராது. ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஏ1 போஸ்டரின் அகலமே 594 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் விட்டால் அந்த ஒரு போஸ்டரோடு ஒருவருடைய பங்கு தீர்ந்தது. இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

இடத்தைக் கொஞ்சம் கூட்டவும் முடியும். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையை நிமிர்த்தி வைத்தால் இரண்டு முகமும் சேர்த்து 8 அடிச் சுவர் கிடைக்கும். இரண்டிரண்டு பலகையாகக் கீல் போட்டு விரித்து நிறுத்துங்கள். ஆறு பலகைக்கு 48 அடி கூடும். ஆனால் ஆசைப்பட்டு ஹால் முழுக்க நிறுத்தாதீர்கள். எந்த இடத்திலும் நடைவழி நாலடிக்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவரும், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பாட்டியும் தாராளமாகத் திரும்ப வேண்டும்.

மீதிப் பாதிச் சண்டையைத் தீர்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு வேலை. ஒன்றே ஒன்று, ஆனால் முழுசாக. படித்த காலத்தில் செய்த அத்தனையையும் காட்டுவதற்குப் போர்ட்ஃபோலியோ இருக்கிறது. அதை மேசையில் வையுங்கள், வேண்டியவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள். கண்காட்சி என்பதே வருகிறவருக்காக நீங்கள் செய்யும் ஒரு வடிவமைப்பு. வருகிறவர் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். 28 வேலைகளை அவர் நின்று பார்த்துவிட்டுப் போனால், அதில் நாலைந்தை வீட்டில் போய்ச் சொல்லுவார். 280 இருந்தால் எதையும் சொல்ல மாட்டார். எதை விடுவது என்று தீர்மானிக்கும் குழுவில் வகுப்புக்கு வெளியே இருக்கும் ஒருவரையாவது கட்டாயம் சேருங்கள். வேறு துறை மாணவரானாலும் சரி, நூலகரானாலும் சரி. நீங்கள் விளக்கம் சொல்லாமல் அவருக்கு எது புரிகிறதோ, அது உள்ளே வரட்டும்.

அப்புறம் ஒரு விஷயம். ஒரு லோகோவைச் செய்து, அதை இணையத்தில் இறக்கிய மாதிரிப் படங்களில் ஒட்டி, கப், டி-ஷர்ட், பை, பேனா என்று வரிசையாக அச்சடித்து மாட்டும் வழக்கம் எல்லாக் கல்லூரியிலும் பரவியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் கடைக்கு ஒரு பில் புத்தகம் வடிவமைத்தீர்களா? அதை நிஜமாகவே அச்சடித்து, துளைக்கோடு போட்டு, கார்பன் தாளோடு மேசையில் வையுங்கள். வருகிறவர் ஒரு தாளைக் கிழித்துப் பார்க்கட்டும். மருந்து அட்டையில் மாத்திரை நேரத்தைத் தெளிவாக்கினீர்களா? அட்டையைக் கையில் கொடுங்கள், கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று அறுபது வயதுக்காரரே சொல்லட்டும். பேருந்து நேரப் பலகை செய்தவர் அதை நிறுத்தத்தில் இருக்கும் உயரத்திலேயே மாட்ட வேண்டும். நம்முடைய வேலை கைக்கும் கண்ணுக்கும் பயன்படத்தான் பிறக்கிறது. அதைச் சட்டம் போட்டு ஓவியம் மாதிரி தொங்கவிட்டால் பாதி உயிர் போய்விடும்.

கேள்வி: கல்லூரிக்குள்ளேயே வைப்பதா, வெளியே காலரி எடுப்பதா?
— மாணவர், தாம்பரம்

உங்கள் பார்வையாளர்கள் யார் என்பதைப் பொறுத்தது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி போன்ற இடத்தில் வைத்தால் ஓவியர்களும், வழக்கமாகக் கண்காட்சி பார்ப்பவர்களும் வருவார்கள். தேதி கிடைக்க மாதக்கணக்கில் முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும். முட்டுக்காடு தட்சிணசித்ரா அழகான இடம், ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவ்வளவு தூரம் உங்கள் வீட்டார் எல்லோரும் வருவார்களா என்று யோசியுங்கள். ரயிலோ பஸ்ஸோ வாசலருகே நிற்கும் கல்லூரியாக இருந்தால் நான் கல்லூரியையே சொல்வேன். ஜூனியர் பிள்ளைகள் நீங்கள் சுவரில் ஆணி அடிப்பதைப் பார்த்துத்தான் அடுத்த வருடக் கண்காட்சியை நடத்தக் கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: கையில் பணம் மிகக் குறைவு. விளம்பரதாரர் ஒருவர் முன்வந்தார். ஆனால் வாசலில் இருபது அடி ஃப்ளெக்ஸில் தன் பெயர் வர வேண்டும் என்கிறார். நிர்வாகமோ "இத்தனை செலவு எதற்கு?" என்கிறது.
— மாணவர் குழு, கோவை

ஜெர்மனியில் வைமர் நகரத்து பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளிக்கும் இதே கேள்வி வந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி இதுவரை என்ன சாதித்தது, காட்டுங்கள் என்று தூரிங்கியா மாநில அரசு கேட்டது. 1923 ஆகஸ்டில் தொடங்கிச் செப்டம்பர் வரை கண்காட்சி நடத்தினார்கள். ஜெர்மனியில் பணவீக்கம் உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஆண்டு அந்த மாநில வங்கிக்கு அவசரகால நோட்டுகளை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேயர். அப்போது அவர் பௌஹவுஸ் மாணவர். 'பத்து லட்சம் மார்க்' என்று அச்சடித்த நோட்டு அதில் ஒன்று. அப்படிப்பட்ட நாளில் விளம்பரத்துக்கு அவர்கள் செய்தது என்ன தெரியுமா? தபால் அட்டைகள். ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சேர்ந்து வரைந்து, 20 அட்டைகள் கொண்ட வரிசையாக அச்சிட்டார்கள். இன்று வடிவமைப்பு வரலாற்றுப் புத்தகங்களில் தவறாமல் வரும் அந்தக் கண்காட்சி போஸ்டரைச் செய்த யோஸ்ட் ஷ்மிட்டும் அன்று மாணவர்தான். நிர்வாகத்திடம் இதைச் சொல்லுங்கள். ஒரு பள்ளி என்ன கற்றுக்கொடுத்தது என்பதை ஊருக்குக் காட்டும் நாள் இது, ஆடம்பரம் அல்ல.

இனி உங்கள் செலவுக்கு வருவோம். ஃப்ளெக்ஸ் வேண்டாம். சாலையோரம் வைக்க அனுமதி வாங்க வேண்டும், மறுவாரம் குப்பை. பொன்னாடை, நினைவுப் பரிசு, பூங்கொத்து, மேடை அலங்காரம் எல்லாவற்றையும் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தை இரண்டே இடத்தில் போடுங்கள்: நல்ல காகிதம், நல்ல விளக்கு. அழைப்பிதழ் நூறு, இருநூறுதான் வேண்டும் என்றால் டிஜிட்டல் பிரிண்டே போதும். தகடு போட்டு அச்சடிக்கும் ஆஃப்செட்டில் நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட் போட்டே ஆக வேண்டும். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தச் செலவு மாறாது. கேட்லாக் ஆயிரம் பிரதி போடுவதானால் சிவகாசிப் பக்கம் விலை கேளுங்கள்.

விளம்பரதாரரை மரியாதையாக மாற்றிப் பேசலாம். பணத்துக்குப் பதில் பொருளாகக் கேளுங்கள். காகித வியாபாரி காகிதம் தரட்டும், அச்சகத்தார் ஒரு நாள் மெஷின் நேரம் தரட்டும், எலக்ட்ரிகல் கடைக்காரர் ஸ்பாட் லைட்டை வாடகையில்லாமல் தரட்டும். வெளியேறும் வாசலருகே ஒரு நன்றிப் பலகை, எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில். உதவியவரின் பெயரை அழகாக எழுதுவதும் நம் தொழில்தானே.

கேள்வி: வேலையைப் பற்றிய குறிப்புகளை ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். தமிழில் அச்சடித்தால் எழுத்துகள் உடைந்துபோகின்றன. என்ன செய்வது?
— மாணவி, கும்பகோணம்

தமிழும் வேண்டும். தமிழ்தான் மேலே வரவேண்டும். உங்களைப் படிக்கவைத்த வீட்டார் அன்று வருவார்கள். பிள்ளை என்ன செய்திருக்கிறாள் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் அவர்களை நிறுத்தக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எழுத்து உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, யாரோ பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்து கொடுத்திருப்பார்கள். அதை யூனிகோடு ஃபான்டில் திறந்தால் வேறு எழுத்துகளாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இரண்டு, பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பை 'வேர்ல்டு-ரெடி கம்போஸர்' என்று மாற்றியிருக்க மாட்டீர்கள். அது இல்லாவிட்டால் 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிக் கொடுங்கள், திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபான்ட் வாங்கப் பணம் இல்லை என்ற காரணமும் இப்போது செல்லாது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன், எக் டைப் குழுவின் முக்த மலர், இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த பவனம், கவிவனர் எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குறிப்பு படிக்கும்படி இருக்க எழுத்து 24 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது. தமிழில் 'கி', 'கு' போன்றவற்றில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் ஆங்கிலத்தைவிட வரி இடைவெளியைக் கூடுதலாக விடுங்கள். நம் சொற்கள் நீளமானவை. இரண்டு ஓரமும் நேராக வரவேண்டும் என்று இழுத்தால் நடுவில் ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். குறிப்பு ஐம்பது, அறுபது சொல் போதும்: யாருக்காக, என்ன சிக்கல், என்ன செய்தேன்.

கேள்வி: மாட்டிய பேனல்கள் ராத்திரியோடு ராத்திரியாக விழுந்துவிடுகின்றன.
— மாணவர், புதுச்சேரி

டபுள் சைடு டேப்பை நம்பினால் அப்படித்தான். மே மாதக் கடலோரப் புழுக்கத்தில், அதுவும் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர் அடித்த சுவரில், டேப் சுவரை விட்டுப் பூச்சோடு கழன்று வரும். அனுமதி வாங்கி ஆணி அடியுங்கள். இல்லையென்றால் மேலே ஒரு கம்பி கட்டி மீன்பிடி நரம்பில் தொங்கவிடுங்கள். நுரைப் பலகையான சன்போர்டில் ஒரு பக்கம் மட்டும் அச்சுத்தாள் ஒட்டினால் பலகை வளையும். பின்பக்கமும் வெறும் தாள் ஒட்டினால் நேராக நிற்கும். லேமினேஷன் மேட் ஆக இருக்கட்டும், பளபளப்பில் டியூப் லைட்தான் தெரியும். எல்லாப் பேனலின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் வரட்டும். ரசமட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். விளக்கைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்தால் பார்ப்பவரின் நிழல் வேலைமேல் விழாது. கோப்புகளைத் திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். மாட்ட மூன்று நாள் வேண்டும்.

கேள்வி: திறந்துவைக்க சினிமா நடிகர் ஒருவரை அழைக்கலாமா?
— மாணவி, மதுரை

கூட்டம் வரும், அவரைப் பார்க்க. நான் சொல்வது, யாருக்காக வடிவமைத்தீர்களோ அவர்களை அழையுங்கள். பில் புத்தகத்தின் கடைக்காரர், நேரப் பலகையின் நடத்துநர், உங்கள் வேலையை அச்சடித்த மெஷின்காரர். அவர்களில் ஒருவர் திறந்துவைக்கட்டும்.

கேள்வி: நான் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். என் மகள் கிராஃபிக் டிசைன் முடிக்கிறாள். கண்காட்சிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டர் டிசைன் எனக்கென்ன புரியும்? போய் என்ன பார்ப்பது, என்ன கேட்பது?
— ஒரு தந்தை, சாத்தூர்

ஐயா, அந்த ஹாலில் இருக்கப்போகிற பலரைவிட உங்களுக்குத்தான் நிறையப் புரியும். நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மடிப்பில் மை வெடித்திருக்கிறதா, வெட்டில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்கு ஒரு பார்வையில் பட்டுவிடும். மகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது யாருக்காக? இதற்கு முன்னால் என்னென்ன வரைந்து தள்ளிவைத்தாய்? இதை ஆயிரம் அடிக்கச் சொன்னால் என்ன மாற்றுவாய்? மூன்றாவது கேள்வியை உங்களைவிடப் பொருத்தமாகக் கேட்க ஆள் கிடையாது.

கண்காட்சி நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். அச்சுக்கு அனுப்புமுன் கோப்பை உங்களிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். வெட்டும் கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் ப்ளீட் விட்டிருக்கிறாளா, சின்னக் கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா அல்லது நாலு நிறத்திலும் பிரிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் தமிழ் எழுத்தின் மெல்லிய கோடெல்லாம் நிழலடிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவள் வகுப்பில் மற்ற பிள்ளைகளின் கோப்பையும் அதே நாளில் பார்த்துக்கொடுத்தால் அவர்களுக்கும் பெரிய உதவி.